மஞ்சள் குப்பியும் பீடிக்காரர் நுரையீரலும்

பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கும் என்னிடம் இப்போது அடிக்கடி கேட்கப்படுவது, புற்றுநோய் வராமல் இருக்க என்ன மாத்திரை சாப்பிடலாம் என்பதுதான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாங்க வருகிறவர்கள், பில் போட்டு முடித்த பிறகு, குரலைச் சற்றுத் தாழ்த்தி இதைக் கேட்கிறார்கள். வீட்டில் யாருக்கோ நோய் வந்திருக்கும். அல்லது யாரோ கைப்பேசியில் அனுப்பிய காணொளியைப் பார்த்திருப்பார்கள். மஞ்சள், கேரட் சத்து, கிரீன் டீ சாறு, வைட்டமின் ஈ, செலினியம் என்று அலமாரியில் இவற்றுக்கென ஒரு தட்டே ஒதுங்கிவிட்டது. விற்றால் எனக்கும் லாபம்தான். ஆனாலும் இவற்றைப் பற்றி நான் படித்தறிந்தவற்றை எழுதிவைப்பது நல்லது என்று தோன்றுகிறது. நின்று விளக்க முடியாத கூட்ட நேரத்தில்தான் பெரும்பாலும் இந்தக் கேள்வி வருகிறது.

அதிகம் விற்கும் மஞ்சள் குப்பியிலிருந்தே தொடங்குகிறேன். அதன் பின்பக்கத்தில் ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, அதில் 95 சதவீதம் குர்குமின், அதனுடன் 5 மில்லிகிராம் பைப்பரின் என்று அச்சிட்டிருக்கிறது. குர்குமின் என்பது மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள்; பைப்பரின் என்பது மிளகின் காரத்துக்குக் காரணமான பொருள். நாம் வீட்டில் அரைத்துவைக்கும் மஞ்சள் பொடியில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம்தான். ஆகவே அந்த ஒரு மாத்திரையில் உள்ள 475 மில்லிகிராம் குர்குமினைச் சமையல் மஞ்சளிலிருந்து பெற வேண்டுமானால் ஏறக்குறைய 16 கிராம் பொடி, அதாவது ஐந்து தேக்கரண்டிக்கு மேல், ஒருவர் தனியாகத் தின்ன வேண்டும். காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் அது இரட்டிப்பாகும். குடும்பத்துக்கே வைக்கும் புளிக்குழம்பில் அரைத் தேக்கரண்டி மஞ்சள் போடுகிற நாம், "நம்ம பாட்டி காலத்திலிருந்து சாப்பிடுகிற மஞ்சள்தானே" என்று சொல்லி இந்தக் குப்பியை வாங்குகிறோம். பாட்டி காலத்தில் யாரும் இந்த அளவைச் சாப்பிட்டதில்லை. தலைமுறை தலைமுறையாக நாம் சோதித்துப் பார்த்தது குழம்பு மஞ்சளை மட்டுமே. அதே குப்பியில் சிறிய எழுத்தில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருக்கிறது. உணவுச் சட்டத்தின் கீழ் விற்கப்படும் இத்தகைய பொருள்களில் அந்த வரி இருந்தே ஆக வேண்டும். அதை வாசித்துவிட்டு வாங்கியவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

குர்குமினால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. கண்ணாடித் தட்டில் வளர்க்கும் புற்றுச் செல்களை அது பல வழிகளில் தடுக்கிறது என்பது உண்மை. அந்தத் தட்டிலிருந்து மனித உடலுக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. விழுங்கிய குர்குமினில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் சேருகிறது. சேர்ந்ததையும் கல்லீரல் விரைவாக உருமாற்றி வெளியேற்றிவிடுகிறது. பெருங்குடலில் மட்டும் அது நேரடியாகப் படும் என்பதால், குடலில் நூற்றுக்கணக்கில் கட்டிகள் தோன்றும் பரம்பரை நோய் உள்ளவர்களிடம் அதைச் சோதித்தார்கள். 2006ல் ஐந்தே நோயாளிகளிடம், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாமல், குர்குமினையும் வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டினையும் சேர்த்துக் கொடுத்தபோது கட்டிகளின் எண்ணிக்கை 60 சதவீதம் குறைந்தது. இணையத்தில் இன்றும் சுற்றிக்கொண்டிருப்பது அந்தச் செய்திதான். அதே ஆய்வாளரின் தலைமையில் 44 நோயாளிகளிடம், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்து, முறையாக ஓராண்டு நடத்திய சோதனை 2018ல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 3 கிராம் குர்குமின் கொடுத்தும் இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. இந்த இரண்டாவது செய்தியை எனக்கு யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை.

உடலில் சேராத பொருளைச் சேரவைக்கத்தான் பைப்பரின் வந்தது. 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தால் இரத்தத்தில் சேரும் அளவு இருபது மடங்கு உயர்கிறது என்று 1998ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினார்கள். மஞ்சளையும் மிளகையும் சேர்க்கும் நம் பழக்கத்துக்கு அறிவியல் சான்று கிடைத்ததாகப் பலர் மகிழ்ந்தார்கள். பைப்பரின் இதைச் செய்வது எப்படி என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. குடலும் கல்லீரலும் வேற்றுப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் வேலையை அது தடுத்து நிறுத்துகிறது. அப்போது குர்குமின் மட்டும் தங்குவதில்லை; அன்று நீங்கள் விழுங்கிய மற்ற மருந்துகளும் வழக்கத்தைவிட அதிகமாகத் தங்கிவிடலாம். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலால் ஆகியவற்றின் அளவு பைப்பரினால் இரத்தத்தில் உயர்வது மனிதர்களிடமே அளந்து அறியப்பட்டிருக்கிறது. ஃபெனிடாயின் சற்று கூடினாலும் தள்ளாட்டமும் பார்வைத் தடுமாற்றமும் வரும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு மஞ்சள் குப்பியைக் கொடுக்க நான் மறுத்துவிடுவது வழக்கம். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

கல்லீரல் பற்றியும் சொல்ல வேண்டும். 2019ல் இத்தாலியில் மஞ்சள் சாற்று மாத்திரைகளைச் சாப்பிட்ட பலருக்கு அடுத்தடுத்து கல்லீரல் அழற்சி வந்தது. பின்னர் அமெரிக்காவில் இதேபோன்ற பத்து நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், அவர்களில் ஏழு பேரிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருப்பதைக் கண்டார்கள். ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்துவிட்டார். கோடிக்கணக்கானோர் சாப்பிடும் பொருளில் இது அரிதாக நேர்வதுதான். ஆனால் அந்த மரபணு தமக்கு இருக்கிறதா என்று குப்பி வாங்குகிறவர் யாருக்கும் தெரியாது. நோய் உள்ளவர் தெரிந்தே ஏற்கும் ஆபத்தும், நலமாக இருப்பவர் வருமுன் காக்கிறேன் என்று ஏற்கும் ஆபத்தும் ஒன்றல்ல. இரண்டாமவரிடம் இழப்பதற்கு முழு ஆரோக்கியமும் இருக்கிறது.

இனி என்னை மிகவும் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். முக்கூடல், கடையம், ஆலங்குளம் பக்கமெல்லாம் பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த நாடு இது. சுற்றும் பெண்கள் புகையிலைத் தூளைச் சுவாசிக்கிறார்கள். வீட்டு ஆண்களில் பலர் பீடியைக் குடிக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த ஓர் அம்மா, கையில் பீடித்தட்டின் தூள் வாசனை மாறாமலேயே நின்று, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டிக் கேட்டார்: "அண்ணாச்சி, இவுகள பீடிய விடச் சொன்னா விட மாட்டேங்காவ. இந்தக் கேரட் மாத்திரையக் குடுத்தா நெஞ்சு சுத்தமாயிரும்னு சொல்லுதாவளே, இருக்கா?" மாத்திரை என்னிடம் இருந்தது. ஆனால் உலகத்திலேயே அந்த மாத்திரையை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று திட்டவட்டமாகத் தெரிந்திருக்கிறதோ, அந்த மனிதருக்காகத்தான் அவர் கேட்டார்.

கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினின் கதை, நல்ல எண்ணத்தோடு தொடங்கியது. காய்கறி, கீரை அதிகம் உண்பவர்களுக்கும், இரத்தத்தில் கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டிவந்தன. கரோட்டின்தான் காக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1981ல் எழுதினார்கள். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர்களில் டால் முதன்மையானவர். பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையுள்ள, புகைக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை கொடுத்தார்கள். 1994ல் வந்த முடிவு எல்லோரையும் திகைக்கவைத்தது. கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. மொத்த இறப்பும் 8 சதவீதம் கூடியிருந்தது. தற்செயலாக இருக்கலாம் என்று சொன்னவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து பதில் வந்தது. புகைப்பவர்கள், முன்பு புகைத்தவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தவர்கள் என 18,314 பேரிடம் கரோட்டினும் வைட்டமின் ஏ-வும் கொடுத்து நடந்த சோதனையில் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடியதால், 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்னதாகவே அதை நிறுத்திவிட்டார்கள்.

பின்லாந்து ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. சோதனையில் சேரும்போதே, மாத்திரை எதுவும் தொடங்காத நிலையில், உணவின் வழியாகக் கரோட்டின் அதிகம் பெற்றிருந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே வந்தது. அதாவது அதே மனிதர்களிடம், அதே பொருள், தட்டில் இருந்தபோது நன்மையோடு சேர்ந்தும் மாத்திரையில் வந்தபோது தீமையோடு சேர்ந்தும் காணப்பட்டது. கேரட்டோடு நார்ச்சத்தும் வேறு பல பொருள்களும் சேர்ந்து வருகின்றன. காய்கறி நிறைய உண்பவரின் மற்றப் பழக்கங்களும் வேறாக இருக்கும். அவற்றில் எது காக்கிறது என்று பிரித்தறிவது எளிதல்ல. பச்சைக் கேரட்டில் உள்ள கரோட்டினில் சிறு பங்கே உடலில் சேரும். மாத்திரையோ அவர்களுடைய இரத்தத்தில் அதன் அளவைப் பத்து மடங்குக்கும் மேல் ஏற்றிவிட்டது. புகை நிறைந்த நுரையீரலில் அவ்வளவு கரோட்டின் சிதையும்போது பிறக்கும் துணைப் பொருள்களே திசுவுக்குத் தீங்கு செய்கின்றன என்பது ஒரு விளக்கம். புகையையும் அதிகக் கரோட்டினையும் சேர்த்துக் கொடுத்த ஃபெரெட் என்னும் சிறு விலங்கின் நுரையீரலில் புற்றுக்கு முந்திய மாற்றங்கள் தென்பட்டன.

இதைச் சொன்னால் உடனே "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்கிறார்கள். அந்தப் பழமொழி இங்கே பாதிதான் பொருந்துகிறது. அமெரிக்க மருத்துவர்கள் 22,071 பேரில் பாதிப் பேர் ஒன்றுவிட்டு ஒரு நாள் 50 மில்லிகிராம் கரோட்டினும், மற்றவர்கள் வெற்று மாத்திரையும் பன்னிரண்டு ஆண்டுகள் சாப்பிட்டுப் பார்த்தார்கள். இரு பக்கத்திலும் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அவர்களில் புகைப்பவர்கள் சிலரே. எவ்வளவு என்று கேட்பதோடு யாருக்கு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. சீனாவின் லின்ஷியான் பகுதியில், ஊட்டச்சத்துக் குறைந்த உணவை உண்டு வாழ்ந்த ஏறத்தாழ 30,000 பேரிடம் பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தபோது, புற்றுநோயால் நேரும் இறப்பு 13 சதவீதம் குறைந்தது என்று 1993ல் தெரியவந்தது. பற்றாக்குறை உள்ள உடலுக்கு நிரப்பியது பயன் தந்தது. குறையில்லாத உடலில் மேலும் மேலும் கொட்டியதற்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 35,533 ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கச் செலினியமும் வைட்டமின் ஈ-யும் கொடுத்த சோதனை 2008ல் நிறுத்தப்பட்டது. 2011ல் கணக்குப் பார்த்தபோது வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது. வைட்டமின் ஈ இன்றும் என் கடையில் பச்சை நிறக் குளிகையாக, முகப்பொலிவுக்கு என்று, மருந்துச் சீட்டு இல்லாமலே கேட்கப்படுகிறது.

ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமினின் இரட்டை முகமும் கவனிக்கத்தக்கது. கருவுற்ற பெண்களுக்கு அது கட்டாயம் வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்கிறது. அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் 1940களில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தபோது நோய் வேகமெடுத்ததாகக் கண்டார். அப்படியானால் அதைத் தடுத்தால் என்ன என்று எண்ணி, 1948ல் அமினோப்டெரின் என்ற எதிர்ப்பொருளைக் கொடுத்து நோயைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார். அந்த மருந்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துச் சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். பெருகும் செல் எதுவானாலும் அதற்கு ஃபோலேட், அதாவது ஃபோலிக் அமில வகைச் சத்து, வேண்டும். கருவிலுள்ள குழந்தைக்கும் வேண்டும், ஏற்கெனவே முளைவிட்டிருக்கும் கட்டிக்கும் வேண்டும். குடலில் கட்டி அகற்றப்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்த சோதனை 2007ல் வெளிவந்தது. கட்டிகள் மீண்டும் தோன்றுவது அதனால் குறையவில்லை. முற்றிய நிலைக் கட்டிகள் பின்னாளில் கூடியதற்கான அறிகுறியே இருந்தது.

குற்றாலச் சீசனில் ஐந்தருவிச் சாலையோரம் மங்குஸ்தானுக்கும் ரம்புட்டானுக்கும் நடுவே முள் சீத்தாவை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புற்றுநோய்க்கு நல்லது என்ற சொல் அந்தப் பழத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இலையைக் காயவைத்துத் தேநீராகக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். அது புற்றுநோயைத் தடுப்பதாக மனிதர்களிடம் முறையாக நடந்த எந்தப் பெரிய சோதனையும் காட்டியதில்லை. மாறாக, கரீபியன் கடலில் உள்ள குவாடலூப் தீவில், இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் வழக்கமாக உட்கொள்பவர்களிடம் பார்க்கின்சன் போன்ற, ஆனால் அதற்கான மருந்துக்கு அவ்வளவாகக் கட்டுப்படாத ஒரு நரம்பு நோய் மிகுதியாக இருப்பதை 1999ல் மருத்துவர்கள் தெரிவித்தார்கள். அதிலுள்ள அனோனாசின் என்ற பொருள் எலிகளின் மூளைச் செல்களை அழிப்பதும் பின்னர் தெரியவந்தது. சாரலில் நனைந்துகொண்டு எப்போதாவது ஒரு பழம் சாப்பிடுவதற்கு நான் எதிரியல்ல. தினமும் காலையில் இலைக் கஷாயம் என்றால் அது வேறு கதை.

சோற்றுக்கற்றாழையில் நம் ஊர்ப் பழக்கம்தான் அறிவியலுக்கு முந்திக்கொண்டது. மடலை வெட்டிச் சாய்த்து வைத்து, மஞ்சளாகக் கசியும் கசப்புப் பாலை முழுதும் வடியவிட்டு, தோல் சீவிய சோற்றை ஏழு தண்ணீரில் அலசிய பிறகே வீட்டில் கொடுப்பார்கள். அந்த மஞ்சள் பாலை நீக்காமல் முழு மடலையும் அரைத்துப் பிழிந்த சாற்றை இரண்டு ஆண்டுகள் குடிநீரில் கலந்து கொடுத்தபோது எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டிகள் வந்தன. அதனால் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அந்த முழு மடல் சாற்றை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்ற பட்டியலில் சேர்த்திருக்கிறது. குப்பியில் வாங்கும் கற்றாழைச் சாற்றில் அந்தப் பால் நீக்கப்பட்டிருக்கிறதா என்பதை அட்டையில் பார்த்து வாங்க வேண்டும். எழுதியிருக்காவிட்டால் வாங்காமல் விடலாம். கிரீன் டீயிலும் இதே வேறுபாடுதான். கோப்பையில் ஊற்றிக் குடிப்பதில் ஆபத்தில்லை. ஆனால் அதன் சாற்றை மாத்திரையாக்கி நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இ.ஜி.சி.ஜி. என்ற பொருளை உட்கொண்டால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018ல் எச்சரித்தது.

அப்படியானால் உணவில் உள்ள எந்தப் பொருளுக்குமே, மாத்திரைகளைச் சோதிப்பதுபோல முறையாகச் சோதித்துப் பெற்ற நல்ல சான்று இல்லையா என்று கேட்கலாம். ஒன்று இருக்கிறது, அதுவும் மிகச் சாதாரணமான மாவுச்சத்து. லிஞ்ச் நோய்க்கூறு என்ற பரம்பரைப் புற்றுநோய் வாய்ப்பு உள்ள ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவானோரிடம், சிறுகுடலில் செரிக்காமல் கடந்து செல்லும் மாவுச்சத்தைப் பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 30 கிராம் வீதம் சராசரியாக இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். நீண்ட காலம் கண்காணித்து 2022ல் வெளியிட்ட முடிவில், பெருங்குடல் புற்றுநோயில் மாற்றமில்லை. ஆனால் இரைப்பை, கணையம் உள்ளிட்ட மற்ற உறுப்புகளில் வரும் புற்றுநோய்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன. முழுதும் பழுக்காத வாழைப்பழத்தில் இந்த மாவுச்சத்து நிறைய உண்டு. சோற்றை ஆறவைத்தாலும் ஓரளவு கூடுகிறது. இதை வைத்துப் பழைய சோறு புற்றுநோயைத் தடுக்கும் என்று யாராவது காணொளி போடுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: ஒரு கும்பா பழைய சோற்றில் அந்த 30 கிராம் தேறாது, சோதிக்கப்பட்டவர்களும் தனிப்பட்ட மரபணுக் குறைபாடு உள்ளவர்கள். பழைய சோற்றை ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

முருங்கைக்கீரையில் முட்டைக்கோஸ் இனத்தில் உள்ளதைப் போன்ற கந்தகச் சேர்மங்கள் உண்டு, இலை நசுங்கும்போதுதான் ஒரு நொதி அவற்றை விடுவிக்கிறது, தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீன் எண்ணெயில் வதக்கினால் நன்றாகச் சேருகிறது என்றெல்லாம் தனித்தனியே எழுதலாம். ஆனால் இவற்றில் எதையும் பிரித்தெடுத்துக் கொடுத்துப் புற்றுநோய் குறைந்ததாக உறுதியான சான்று இல்லாததால் விரிவாகச் சொல்ல விருப்பமில்லை. வெற்றிலைக்கு மட்டும் ஒரு வார்த்தை. வெற்றிலையில் உள்ள ஒரு பொருள் சோதனைக்கூடத்தில் புற்றுச் செல்களை அடக்குகிறது என்ற செய்தியைக் காட்டி, "அப்ப வெத்தல போடுறது நல்லதுதானே" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் வெற்றிலையைத் தனியாக யாரும் மெல்வதில்லை. அதோடு சேரும் பாக்கோ, புகையிலை சேராவிட்டாலும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதிசெய்யப்பட்ட பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் முதல் பட்டியலில் இருக்கிறது.

சிகிச்சையில் இருப்பவர்கள் இந்தக் குப்பிகளை வாங்க வரும்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. கீமோ மருந்துகளில் பல, செல்லுக்குள் சேதம் விளைவித்தே வேலை செய்கின்றன. அந்தச் சேதத்தைத் தடுப்பதுதான் ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரையின் பெருமை. எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் போர்டெசோமிப் என்ற மருந்தோடு கிரீன் டீயின் இ.ஜி.சி.ஜி. நேரடியாகப் பிணைந்து அதைச் செயலற்றதாக்குவது சோதனைக்கூடத்திலும் எலிகளிடமும் 2009ல் காட்டப்பட்டது. மருத்துவரிடம் போகும்போது ஆங்கில மருந்துகளின் சீட்டை மட்டும் எடுத்துப் போகிறார்கள். மஞ்சள் குப்பியையும் கஷாயப் பொட்டலத்தையும் வீட்டிலேயே வைத்துவிடுகிறார்கள், அவை மருந்தல்ல என்று நினைப்பதால். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மருத்துவர் மேசைமேல் வைத்துவிடுங்கள் என்றுதான் சொல்லி அனுப்புகிறேன். கேரட் மாத்திரை கேட்டு வந்த அந்த அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கவில்லை. அவருடைய வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பீடியை நிறுத்த உதவும் நிகோடின் சூயிங்கம் பற்றி அவரிடமே பேச வேண்டும்.